வெட்டிய நாலு வரி

மார்ச் 4

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று போனில் நாம் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் என் மகள் போனைப் பிடுங்கி, "இனிமே ரெண்டு பேரும் எதுவா இருந்தாலும் எழுதிக்கோங்க, என் காது கிழியுது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அம்மாவின் வார்ப்பு. அதனால் எழுதுகிறேன். மெயிலெல்லாம் வேண்டாம். நீங்கள் என் போனில் ஏற்றிக் கொடுத்த எதிலும் இனி ஒரு எழுத்து எழுதுவதாக இல்லை. கடையில் தபால் உறை கேட்டால், பல்லி முட்டை கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். பத்தாவதை முட்டி மோதித் தாண்டிய கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கோபம் இருந்தால் அது பிழை இல்லை, வேண்டுமென்றே போட்டது.

நடந்ததை நேற்று நீங்கள் முழுதாகச் சொல்லவிடவில்லை. இப்போது குறுக்கே பேச முடியாது. கேளுங்கள்.

நோயாளிகள் படுக்கும் கட்டிலையும் சக்கர நாற்காலியையும் வீடுகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் நான். தெருவில் என் பெயரே கட்டில்காரர். போன வருடம் வந்திருந்தபோது என் சட்டைப் பையில் துண்டுச் சீட்டுகள் பிதுங்குவதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "மாமா, எங்க ஆபீஸ்ல செஞ்ச உதவியாள் ஒண்ணு இருக்கு, போனுக்குள்ளயே. பேசினா போதும், அதுவே குறிப்பு எடுத்துக்கும், கேட்டா தேடிக் குடுக்கும்" என்றீர்கள். 'கடை' என்று ஒரு குறிப்பையும் நீங்களே திறந்து கொடுத்தீர்கள். இன்னொன்றை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாது. கேட்க வெட்கம். எல்லாவற்றையும் அந்த ஒன்றிலேயே சொன்னேன். எந்தக் கட்டில் எந்த வீட்டில், எதன் கைப்பிடியைச் சுற்றினால் முனகும், எந்த மாடிப்படி வளைவில் நாற்காலி திரும்பாது, எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும். அப்புறம், யார் இறந்துபோனார்கள் என்பதும்.

அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். இறந்தவர் வீட்டுக்கு நான் போன் செய்வதில்லை. கட்டிலை எடுத்துப் போங்கள் என்று அவர்களாகக் கூப்பிடும் வரைக்கும் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஆனால் என் ஞாபகசக்தியின் லட்சணம் உங்கள் மாமியாருக்குத் தெரியும். எங்கள் கல்யாண நாளை நான் சரியாகச் சொன்னது கல்யாணத்தன்று மட்டும்தான். அதனால் சாவுச் செய்தி வந்த நிமிடமே உதவியாளிடம் சொல்லிவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு வீட்டில் நாற்காலியை இறக்கிவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னேன்: "பணிமனைக்குப் பின்னாடி வீட்டுக்கு மடக்கு நாற்காலி ஒண்ணு போயிருக்கு, அதையும் சேத்துக்கோ." ஆகட்டும் என்றது. மறுநாள் திறந்து பார்த்தால் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. ஒரு வருடமாக நான் சொன்னது எதுவும் இல்லை. 'கடை' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு மடக்கு நாற்காலி அநாதையாக உட்கார்ந்திருக்கிறது.

ரசீதுகளில் இருந்த எண்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் செய்தேன். எந்தக் கட்டில் எங்கே என்று தெரியவேண்டுமே. ஓய்வு பெற்ற வாத்தியார் வீடு. அவர் மனைவி எடுத்தார். எப்போதும் கேட்பதைக் கேட்டேன். "அம்மா, கட்டில்காரன் பேசறேன். ஐயா எப்படி இருக்கார்? ராத்திரி தூங்கறாரா?"

"இருங்க, எட்டிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார்.

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. கதவு திறந்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவர் மகன் போனை எடுத்தார். "யாரு, கட்டில்காரரா? அப்பா போயிட்டார்னு நானே உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே. இப்போ என்ன கேட்டீங்க எங்கம்மாகிட்ட? வெறுங்கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க."

மாப்பிள்ளை, அது என் கட்டில்.

நேற்று இதற்கு நீங்கள் சொன்ன பதில், "அது சோதனைப் பதிப்பு மாமா" என்பது. யாரை வைத்துச் சோதனை?

கட்டில்காரன்

*

மார்ச் 9

மாமாவுக்கு வணக்கம்.

வாத்தியார் வீட்டில் நடந்ததற்கு வருந்துகிறேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குமேல் நான் எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல இருக்கார்" என்கிறீர்கள், நான் அதற்குள் குடியிருப்பது மாதிரி. ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த உதவியாளுக்கு உங்களையும் தெரியாது, உங்கள் கடையையும் தெரியாது. ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஆளைப் போல வந்து நிற்கும். அதன் கையில் சில கருவிகள் உண்டு. குறிப்பைத் தேட ஒன்று, திறந்து படிக்க ஒன்று, கடைசியில் ஒரு வரி சேர்க்க ஒன்று, பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுத ஒன்று. கருவிக்குள் என்ன நடக்கிறது என்று அது பார்ப்பதில்லை. மேலே ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்கிறது. அந்த விளக்கங்களை எழுதுவதுதான் என் வேலை.

உங்கள் விஷயத்தில், சேர்க்கும் கருவியை எடுக்க வேண்டிய இடத்தில் மாற்றி எழுதும் கருவியை எடுத்துவிட்டது. இரண்டின் விளக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. பழையது போய்விடும் என்பது எழுதப்படவில்லை. சோதனைப் பதிப்பில் பழைய பிரதிகளைச் சேமித்து வைப்பதும் இல்லை. தேடச் சொல்லிப் பார்த்தேன். கிடைக்காது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரு வருட வியாபாரத்தை யாராவது ஒரே குறிப்பில் வைப்பார்களா? நாங்கள் சோதித்துப் பார்த்த குறிப்புகள் எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. அதில் எது அழிந்தாலும் கண்ணில் படாது. சரக்கு ரயில் நீளத்துக்கு ஒரே குறிப்பு வைத்திருந்தவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். இன்னொன்றைத் திறக்கத் தெரியவில்லை என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம், உங்கள் மகளிடம் கேட்டிருக்கலாம். வெட்கப்பட்டது நீங்கள். வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் உதவியாள் எல்லோருக்கும் வெளியாகிறது. அதற்குள் இந்தப் புகாரை முடித்துவைக்க வேண்டும் என்கிறார் மேலாளர். பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதும்படி நீங்களே சொன்னதாகத் தாளில் இருக்கிறது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வராவிட்டால் பழி என் மேல்தான், விளக்கத்தின் கீழே இருப்பது என் பெயர். என் ஒப்பந்தமும் மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பதும் நீட்டிக்காததும் அவர் கையில். உங்கள் மகளின் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதுவரை வீட்டில் ஒரு சம்பளம்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

தாள் விஷயம் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

உங்கள் மருமகன்

*

மார்ச் 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாளைப் படித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதில் என்னைப் 'பயனர்' என்று போட்டிருக்கிறார்கள். என்னால் ஒரு பயன் உண்டு என்று எழுத்தில் கொடுத்த முதல் ஆட்கள் இவர்கள்தான். சட்டம் போட்டு மாட்டலாம் என்றாள் உங்கள் மாமியார்.

அப்புறம் மறுபடி படித்தேன். சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. நான் சொல்லாததைச் சொன்னதாக நானே எழுதித் தரவேண்டுமா? என் குறிப்பும் போய், அதைப் போகச் சொன்னவனும் நான்தானா? அடித்தவனை விட்டுவிட்டு அடி வாங்கியவனிடம் மன்னிப்புக் கடிதம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஒரே குறிப்பில் வைத்தது முட்டாள்தனம் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நான் முட்டாள் என்பதில் சந்தேகமே வேண்டாம், சாட்சி சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. ஆனால் முட்டாள் என்று தெரிந்துதானே கொடுத்தீர்கள்? முட்டாள் கையில் கொடுத்தால் ஆபத்து என்று அந்த விளக்கத்தில் ஒரு வார்த்தை போட்டிருந்தீர்களா?

உங்கள் மாமியார் உங்கள் கட்சி. எப்போதுமே உங்கள் கட்சிதான்.

"போட்டுக் குடுத்துடுங்க. கட்டில் போனா இன்னொரு கட்டில். மாப்பிள்ளைக்கு வேலை போனா?"

"பொய்டி அது."

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட பன்னிரண்டாவது பாஸ்னு சொன்னீங்களே, அது என்ன?"

"அந்தப் பொய்யால யாரும் அழலியே."

"நான் அழுதேனே. உங்களுக்குத் தெரியுமா?"

இந்த வீட்டில் நான் ஜெயித்த வழக்கு ஒன்றுகூடக் கிடையாது.

வாத்தியாரின் மகன் கூப்பிட்டார், கட்டிலை எடுத்துப் போகும்படி. போனேன். நான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவசியமே இல்லாதபடி கட்டிலைப் பிரித்துப் படிக்கட்டு முனையில் சாத்தி வைத்திருந்தார்கள். மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தது. "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க" என்றார் மகன்.

"தம்பி, அன்னிக்கு நான்..."

"விடுங்க."

விடுங்க என்றால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. வாயை மூடு என்று அர்த்தம், மரியாதையாகச் சொல்கிறார். எந்திரம் மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கேட்டது என் வாய்தானே. கூடத்துக் கதவுக்குப் பின்னால் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். கதவுக்கடியில் கால்விரல் தெரிந்தது. நான் இரும்புச் சட்டங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வந்துவிடக் கூடாதே என்று, திருடனைப் போல இறங்கி வந்தேன்.

அதனால் ஒரே ஒரு கேள்வி. பழையது போய்விடும் என்று "எழுதப்படவில்லை" என்கிறீர்கள். ஏதோ மழை பெய்யவில்லை என்பது போல. அது தானாக எழுதிக்கொள்ளுமா? எழுத வேண்டிய ஆள் நீங்கள். அந்தக் கருவி எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா, தெரியாதா?

இதற்குப் பதில் வரும்வரை தாள் என்னிடமே இருக்கும். கையெழுத்து இல்லாமல்.

கட்டில்காரன்

*

மார்ச் 19

மாமா,

தெரியும்.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். நான் முதலில் எழுதிய விளக்கத்தை இங்கே அப்படியே தருகிறேன்:

"இந்தக் கருவி, குறிப்பில் ஏற்கெனவே உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நீ தரும் எழுத்தை மட்டும் வைக்கும். அழிந்ததைத் திரும்பப் பெற முடியாது. ஒரு வரியைச் சேர்க்கவோ திருத்தவோ இதை எடுக்காதே, அதற்கு வேறு கருவிகள் இருக்கின்றன. முழுக்குறிப்பையும் மாற்றும்படி குறிப்புக்கு உரியவரே சொன்னால் மட்டும், முதலில் அதைத் திறந்து படித்து, எதெல்லாம் போகும் என்று அவரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகு பயன்படுத்து."

நாலே வரி. இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது, நம்ப மாட்டீர்கள். முதலில் "கவனமாகப் பயன்படுத்து" என்று போட்டேன். அது எதற்கெடுத்தாலும் பயந்து, 'செய்யலாமா, செய்யலாமா' என்று கேட்டுக் கழுத்தை அறுத்தது. "முக்கியமான குறிப்புகளில் பயன்படுத்தாதே" என்று மாற்றினேன். எது முக்கியம் என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைசியில், எடுத்தால் என்ன நடக்கும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது கூடாது, கூடாதென்றால் அதற்குப் பதில் எது என்று மட்டும் எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அது தவறான கருவியை எடுக்கவில்லை.

மேலாளர் படித்துப் பார்த்தார். "என்னப்பா இது, அழிக்கும், திரும்பப் பெற முடியாதுன்னு? வாங்க வர்றவங்க முன்னாடி இதைத் திறந்து காட்டணும். சாவு அறிவிப்பு மாதிரி இருக்கு. ஒரு வரியில முடி."

"இதைப் படிக்கப் போறது ஆளுங்க இல்ல சார், உதவியாள்."

"அப்போ அதுக்கு எதுக்கு இவ்வளவு பயமுறுத்தல்?"

அவரே வெட்டினார். "குறிப்பில் எழுத உதவும் கருவி" என்று ஆக்கினார். நான் கீழே என் பெயரைப் போட்டேன்.

கோபப்படுவது உங்களுக்குச் சுலபம் மாமா. உங்கள் கடையில் முதலாளியும் நீங்கள், வேலையாளும் நீங்கள். உங்களை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்றால் நீங்களேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும். எனக்கு அப்படி இல்லை. மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர். ஒரு வரிக்காக எத்தனை தடவை முட்டிக்கொள்ள முடியும்?

வெட்டிய பிறகும் அதை ஏன் உங்கள் போனில் விட்டுவைத்தேன் என்று கேட்பீர்கள். என் மருமகன் செய்தது என்று நீங்கள் நாலு பேரிடம் காட்டவேண்டும் என்ற ஆசை. காட்டினீர்களாமே, காய்கறிக் கடையிலும் முடிவெட்டும் இடத்திலும். உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள்.

அவள் தாளைக் கண்டுபிடித்துவிட்டாள். பிரதி ஒன்று என் பையில் இருந்தது. என்னோடு பேசுவதில்லை. "சாப்பாடு மேசைல இருக்கு" என்று சுவரிடம் சொல்கிறாள், சுவர் எனக்குச் சொல்கிறது. அங்கே நீங்கள், இங்கே அவள், அலுவலகத்தில் அவர். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி.

கையெழுத்துப் போடுகிறீர்களா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள். 28 கடைசி நாள்.

மருமகன்

*

மார்ச் 23

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மேலாளர் எனக்குப் போன் செய்தார். என் எண்ணை யார் கொடுத்தது என்று கேட்கமாட்டேன், அதுவும் ஏதாவது குறிப்பில் இருந்திருக்கும்.

"ஐயா, உங்க மருமகனோட மேலாளர் பேசறேன். எப்படி இருக்கீங்க?"

"என் கட்டில்ல நானே படுக்கற நிலைமை இன்னும் வரல. சொல்லுங்க சார்."

"ஒரு சின்னக் கையெழுத்து..."

"சின்னதாப் போடத் தெரியாது சார். பேரை முழுசா எழுதித்தான் பழக்கம்."

"உங்க மருமகன் ரொம்ப நல்ல பையன். அவருக்கு எந்தச் சிக்கலும் வந்துடக் கூடாதுன்னுதான்."

"அந்த நாலு வரியை வெட்டினது யாரு சார்?"

"அது எங்க உள்விவகாரம் ஐயா."

"செத்துப்போன மனுஷனைத் தூங்கறாரான்னு அவர் சம்சாரத்துக்கிட்ட நான் கேட்டேனே, அது வெளிவிவகாரமா?"

"ஒரு குறிப்புக்கு இவ்வளவு பேச்சா? உங்க மகளை நினைச்சுப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

தாளைக் கிழிக்க எடுத்தேன். உங்கள் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. பயந்துபோனேன்.

போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். பழையது வேண்டாம், அழித்துவிட்டுப் புதிதாக எழுது என்று நான்தான் சொன்னேன். நானே சொன்னேன். போதுமா? இன்னும் ஏதாவது சொல்லியிருக்கிறேனா, அதற்கும் தாள் இருந்தால் அனுப்புங்கள்.

உங்களுக்காகப் போடவில்லை. அந்த மேலாளருக்காகச் சத்தியமாக இல்லை. என் மகள் படிப்பை விட்டுவிட்டு எங்காவது போய் நிற்கக் கூடாது என்று போட்டேன். இனி அந்த ஒற்றை வரி ஊர் பூராவும் போகட்டும். என்னைப் போல இன்னொரு முட்டாள் எங்கேயோ தன் பாடு எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் சொல்லிவைத்திருப்பான். அவன் குறிப்பு போகும்போது, போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நானாக இருப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் நினைவு வருகிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கட்டில்காரன்

*

மார்ச் 24

மாமா,

உங்கள் பதில் வருவதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். தாளைக் கிழித்துப் போடுங்கள்.

உங்களைப் போல ஒரே குறிப்பு வைப்பவர் உலகத்தில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதை உறுதிப்படுத்திக்கொண்டு இன்னும் நன்றாக உங்களைத் திட்டலாம் என்று, அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர் அம்மாவின் மருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடம், வண்டிக்கு எண்ணெய் மாற்றிய தேதி எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் வைத்திருக்கிறார். வரவேற்பில் இருக்கும் அக்காவும் அப்படித்தான். "வேற எப்படிப்பா வைப்பாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மாமா, முட்டாள்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சோதிப்பதற்காக நாங்களே எழுதிவைத்த போலிக் குறிப்புகள் மட்டும்தான் ஒரு வரி, இரண்டு வரியாக இருந்தன.

இன்று காலை கூட்டம். எட்டுப் பேர். நாலு வரியையும் திரும்பப் போட்டுத் திரையில் காட்டினேன். ஏன் என்று கேட்டார் மேலாளர். வாத்தியார் வீட்டு அம்மா எட்டிப் பார்க்கப் போனதைச் சொன்னேன். குரல் எழும்பிவிட்டது, உங்களோடு போனில் கத்திப் பழகிய குரல். "இது அவர் சொல்லி நடந்ததில்ல. தெரிஞ்சே நாம விட்டது, கீழ என் பேரு இருக்கு" என்றேன். பக்கத்து மேசைக்காரர் தன் போனை எடுத்து, "சார், அப்போ எங்கம்மா மருந்தெல்லாம்?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு யாரும் மேலாளரைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் என்னைத் தனியாகப் பிடித்தார். "28 வரைக்கும் பொறுத்துக்கறேன். உன் மாமனார் தாள் வந்துடுச்சுன்னா, இன்னிக்கு நீ பேசினது எதையும் நான் கேக்கல. வரலேன்னா நீ வேற இடம் பாத்துக்கோ."

வராது என்று எனக்குத் தெரியும். நீங்கள் போடமாட்டீர்கள். அந்த ஒன்றில் மட்டும் இந்த மாதம் பூராவும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மருமகன்

*

மார்ச் 30

மாமா,

என் கடிதம் போன பிறகு உங்கள் கடிதம் வந்தது. பிரித்தால் தாள். கையெழுத்தோடு.

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதத்தான் போகிறேன், ஏனென்றால் எனக்கு உங்கள் மேல் இப்போதுதான் உண்மையான கோபம் வந்திருக்கிறது. பொய்டி அது என்று வீட்டில் சண்டை போட்டீர்கள். அடித்தவன், அடி வாங்கியவன் என்று நியாயம் பேசினீர்கள். அதை நம்பித்தானே கூட்டத்தில் எழுந்து நின்றேன்? கடைசியில் நீங்களே போட்டு அனுப்பினால் நான் என்ன செய்வது?

அது இரண்டு நாள் எங்கள் மேசைமேல் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் வேலை இருக்கும், வாடகை இருக்கும், அவள் படிப்பு இருக்கும். யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள், உங்கள் கையெழுத்தே இருக்கிறது. காலையில் பையில் வைத்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மேசையில் வைத்தேன். மறுபடி பையில். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, சுவரிடம் இல்லாமல் என்னிடமே பேசினாள். "அப்பா எவ்வளவு அழுத்திப் போட்டிருக்கார் பாருங்க, பேனா தாளைக் குத்திக்கிட்டு அந்தப் பக்கம் போயிருக்கு." அவ்வளவுதான் சொன்னாள். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் என் தலையிலேயே விட்டாள். யாருடைய மகள்!

28ஆம் தேதி மேலாளர் கேட்டார். "தாள் வந்துச்சா?"

"வரல சார்" என்றேன்.

என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. நாளையோடு முடிகிறது. வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். நாலு வரியும் உள்ளே போய்விட்டது, ஒரு எழுத்துக் குறையாமல். எட்டுப் பேர் கேட்டபிறகு அதை வெட்ட அவரால் முடியவில்லை. என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

வேலை தேடுகிறேன். அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

மருமகன்

*

ஏப்ரல் 4

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அத்தையிடம் சொன்னேன். அழுதாள், என்னைத் திட்டினாள், அந்த மேலாளரைத் திட்டினாள், உங்களை மட்டும் திட்டவில்லை. "கையில தாளை வச்சுக்கிட்டா வரலேன்னு சொன்னார்?" என்று மூன்று தடவை கேட்டாள். நான் பன்னிரண்டாவது பாஸ் என்று சொன்னதற்கு இத்தனை வருடமாகக் குத்திக்காட்டுகிறவள், நீங்கள் சொன்ன பொய்யை மட்டும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் ஆயுசிலேயே முதல் தடவையாகப் பெரிய மனசு பண்ணி ஒரு பொய் சொன்னேன். வயிறு எரிந்து, சாப்பாடு இறங்காமல், தாளைக் குத்திக்கொண்டு போகும் அளவுக்குச் சொன்னேன். அதையும் வாங்க ஆளில்லை! இதற்கு நான் முதலிலேயே கிழித்துப் போட்டிருப்பேனே. உங்கள் முதல் கடிதத்தில் கெஞ்சினீர்கள், நான் மாட்டேன் என்றேன். சரி என்று நான் போட்டபோது நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். நம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி வந்ததும் இல்லை, ஒரே நேரத்தில் போனதும் இல்லை.

இரண்டு நாள் அந்தத் தாளோடு உங்களைத் தவிக்கவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் அதைத் தாண்டிப் போகிறேன்.

உங்கள் வரிக்குக் கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்ட அந்த மனிதரை நினைத்தால் கை அரிக்கிறது. அவருக்கு வயதானால், படுக்கையில் விழுந்தால், என் கட்டில் கிடையாது. கைப்பிடி முனகுவதைக்கூடக் கொடுக்கமாட்டேன். தரையில் படுக்கட்டும்.

வேலை கிடைக்கும்வரை மகளின் படிப்பு நிற்கக் கூடாது. அதை நானும் அவள் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். வேண்டாம் என்று மரியாதைக்குக்கூட எழுதாதீர்கள், சண்டை போட எனக்குத் தபால் உறை தீர்ந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் ஒரு குறை. தாளை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. கிழித்தீர்களா, இல்லை இன்னும் மேசைமேல் கிடக்கிறதா? கிழிக்காதீர்கள். எனக்கே திருப்பி அனுப்புங்கள். என் கையெழுத்தை என் கையால் கிழித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். 'மாப்பிள்ளை அவர்களே' என்று ஆரம்பித்து நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், வரமாட்டேன் என்கிறது. அதனால் இந்த ஒரு வரிக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்: டேய், நல்லா செஞ்சேடா.

மற்றபடி கோபம் கோபமாகவே இருக்கிறது. தாளை மறக்காமல் அனுப்பிவைக்கவும்.

கட்டில்காரன்